நீலத்திரையும் நிதானமும்

கணினியைப் பயன்படுத்துவோர் யாவரும் அஞ்சும் காட்சியொன்று உண்டு. பொத்தானை அழுத்தியபின் வழக்கமான முகப்புத் தோன்றாது, திரை முழுதும் நீலமாகி, ஒரு பிழைக்குறியைக் காட்டி, இயந்திரம் நின்றுவிடுதலே அது. சென்ற பருவத்தில் எம் விடுதி நண்பரொருவர்க்கு இத்துன்பம் நேர்ந்தது. ஓராண்டாக அவர் தொகுத்த கல்வெட்டுக் குறிப்புக்கள் யாவும் அக்கணினியிலேயே இருந்தன. வேறு படி இல்லை. பழுது பார்ப்பவர் ஒருவரோ, வன்தட்டை முற்றும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுதலே வழியென்றார். அதற்கு இசையுமுன் காரணத்தை ஆராய யாம் துணிந்தோம். அங்ஙனம் கற்றதை ஈண்டுக் கூறுதும்.

கணினி தொடங்குதல் ஒரே செயலன்று; படிப்படியாக நிகழ்வது. முதற்கண், தாய்ப்பலகையின் சில்லில் உறையும் நிரல் உறுப்புக்களைச் சோதிக்கின்றது. பின்னர், இயக்குதளத்தின் கருப்பகுதி வன்தட்டிலிருந்து நினைவகத்துள் ஏற்றப்படும். அதன்பின் ஒவ்வோர் உறுப்பையும் நடத்தும் இயக்கிகள் வந்து சேரும். இறுதியிலேயே கடவுச்சொல் கேட்கப்படும். கருப்பகுதியிலோ அதனோடு இயங்கும் இயக்கியிலோ பெரும்பிழை நேரின், கோப்புக்கள் கெடாவண்ணம் இயக்குதளம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆதலின் நீலத்திரை நோயன்று. நோயை அறிவிக்கும் குறியேயாம்.

இதற்குப் பெருஞ்சான்று 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் கண்டோம். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோப்பொன்றின் குறையால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் வீழ்ந்தன. அவற்றுட் பல தொடங்குந்தோறும் மீண்டும் வீழ்ந்தன. விமானப் பயணங்கள் பல தடைப்பட்டன. பரிகாரமோ எளிது. இன்றியமையாத இயக்கிகளை மட்டும் ஏற்றும் 'சேஃப் மோடு' என்னும் முறையிற் கணினியைத் திறந்து, அக்கோப்பை நீக்கினாற் போதுமாயிருந்தது. வன்தட்டை அழிக்கவேண்டிய தேவை எழவில்லை.

ஆயின் எம் நண்பரின் கணினி ஒருநாள் வீழும், மறுநாள் வீழாது. பிழைக்குறியும் முறைதோறும் மாறியது. ஓர் இயக்கியே கெட்டிருப்பின் பெரும்பாலும் ஒரே குறி வரும். குறி மாறிமாறி வரின் நினைவகத்தை முதலில் ஐயுறல் தகும். எனவே, முதலாவதாக வன்தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்துக் குறிப்புக்களைப் படியெடுத்தோம். அடுத்து, விண்டோஸுடன் வரும் நினைவகச் சோதனையை நடத்தினோம். அது பிழை உண்டென்று காட்டிற்று. பின்னர் மின்னிணைப்பை நீக்கிப் பெட்டியைத் திறந்து, இரண்டு ரேம் பலகைகளுள் ஒன்றை மட்டும் செருகிப் பலமுறை தொடங்கினோம், நன்கு இயங்கிற்று. மற்றதனை அதே செருகுவாயில் இட்டபொழுது கணினி வீழ்ந்தது. ஆகவே பழுது செருகுவாயிலன்று, பலகையிலேயே என்பது தெளிவாயிற்று. புதிய பலகை இட்டபின் நீலத்திரை தோன்றவில்லை.

வன்தட்டை அழித்திருந்தால் விளைவு யாதாயிருக்கும்? ஓராண்டு உழைப்பு அழிந்திருக்கும்; கெட்ட பலகையோ இருந்தவிடத்திலேயே இருந்திருக்கும். ஆதலின் மாணவ நண்பர்காள்! கணினி வீழ்ந்தால் முதலிற் குறியை எழுதிவைமின், கோப்புக்களைக் காத்துக்கொண்மின், ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றிச் சோதிமின். எல்லாவற்றினும் மேலாக, நும் குறிப்புக்கட்கு மற்றொரு படியை இன்றே எடுத்துவைமின்.