நோய்க்குப் பெயர் தெரிய வேண்டும்

வலிக்காத கட்டியைப் போல மனிதனை ஏமாற்றக் கூடியது வேறொன்றுமில்லை. காதுக்கு முன்னால் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி எழும்புகிறது. வலியில்லை, ஜுரமில்லை, சாப்பாட்டுக்குத் தடையுமில்லை. பொன்னுக்குவீங்கி என்கிறார் ஒருவர். பல்லில் கோளாறு என்கிறார் மற்றொருவர். பற்றுப் போட்டால் கரைந்துவிடும் என்கிறார் மூன்றாமவர். மாதங்கள் செல்கின்றன, கட்டியும் மெள்ள வளருகிறது.

இத்தகைய கட்டிகளெல்லாம் புற்றுநோய் என்று சொல்லி ஜனங்களைப் பயமுறுத்துவது நமது நோக்கமல்ல. உமிழ்நீரைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதின் முன்புறத்தில் ஒரு ஜோடி, கீழ்த்தாடைக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்கின் கீழ் ஒரு ஜோடி. இவை தவிர உதடு, கன்னம், அண்ணம் ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் உண்டு. காதருகே தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவையே. ஆனால் சுரப்பி சிறிதாகச் சிறிதாக, அதில் எழும் கட்டி புற்றாக இருப்பதற்கான சந்தர்ப்பம் அதிகமாகிறது. கட்டியுடன் வாய் கோணினாலும், கண் இமை மூட மறுத்தாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. முகத்தை அசைக்கும் நரம்பு காதருகேயுள்ள சுரப்பியின் ஊடேதான் செல்கிறது.

புற்று என்று தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. எந்தப் புற்று என்பதே கேள்வி. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றில் 20-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகை வெகு வேகமாகப் பரவும். மற்றொன்று நரம்பின் வழியே மெதுவாக ஊர்ந்து சென்று, குணமாகிவிட்டது என்று எல்லோரும் நம்பியிருக்கும்போது, 10 வருஷங்களுக்குப் பின் நுரையீரலில் தலை காட்டும். மொத்தத்தில் இந்நோயே அபூர்வம். அதிலும் இத்தனை வகைகள். அனுபவமுள்ள பரிசோதகரும் சில வகைகளைத் தம் ஆயுளில் இரண்டொரு முறைதான் பார்த்திருப்பார்.

பெயர் தவறினால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு வரலாறே சான்று. செக் நாட்டிலுள்ள பில்ஸன் நகரத்தைச் சேர்ந்த டாக்டர் அலேனா ஸ்காலோவாவும் அவருடைய சகாக்களும் 2010-ம் வருஷத்தில் 16 நோயாளிகளின் கட்டிகளைப் பற்றி எழுதினார்கள். இத்தகைய கட்டிகள் அதுவரை பெரும்பாலும் வேறொரு பழைய பெயரிலேயே சேர்க்கப்பட்டு வந்தன. ஆனால் இவற்றில் 12-வது குரோமோஸோமின் துண்டும் 15-வது குரோமோஸோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்தனத்தில் தோன்றும் ஓர் அபூர்வப் புற்றில் முன்பே கண்ட அடையாளம் இது. புதிய வகைக்குப் புதிய பெயர் கிடைத்தது. பல நாடுகளில் பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்து மறுபடியும் பார்த்தார்கள். பல நோயாளிகளின் நோய்க்குப் பெயர் மாறியது.

வெறும் பெயர்தானே என்று கேட்பவர்களுக்கு 2018-ம் வருஷம் பதில் சொல்லிற்று. அந்த ஒட்டுதலால் பிறக்கும் புரதத்தைத் தாக்கும் லாரோட்ரெக்டினிப் என்ற மருந்தை, இதே வகை ஜீன் மாறுதலுள்ள பலவிதப் புற்றுநோயாளிகள் 55 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி நன்கு சுருங்கியது. அவர்களில் 12 பேர் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுள்ளவர்கள். இந்தப் புற்று ஓரிடத்தில் அடங்கியிருக்கும்போது அறுவை சிகிச்சையே பெரும்பாலும் போதும். கத்திக்கு எட்டாமல் பரவியவனுக்கோ, சரியான பெயரே உயிர்ப்பிச்சை!

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். கட்டியை அவசரப்பட்டுக் கீறக் கூடாது; கீறினால் சாதுவான கட்டியும் சிதறி மீண்டும் முளைக்கக் கூடும். படம் எடுத்தால் கட்டியின் இடமும் பரப்பும் தெரியும், பெயர் தெரியாது. முதலில் மெல்லிய ஊசியால் அணுக்களை எடுத்துப் பார்க்க வேண்டும். ஊசியின் முடிவை ஆறு பிரிவுகளாக வகுத்துச் சொல்லும் மிலான் முறை 2018 முதல் வழக்கிலிருக்கிறது. ஊசி சந்தேகத்தை எழுப்பும்; பல சமயங்களில் பெயரை முடிவாகச் சொல்வது எடுத்த கட்டியின் தசையே. அதிலும் ஐயமிருந்தால், அந்தத் தகடு இந்நோயில் தேர்ந்தவரிடம் போகட்டும். ஜீன் பரிசோதனையும் நடக்கட்டும்.

இன்னொருவர் பார்க்கட்டும் என்று நோயாளி கேட்பது வைத்தியருக்கு அவமரியாதையல்ல. அது அவனுடைய உரிமை. தகட்டைத் தபாலில் அனுப்பச் செலவு சொற்பமே. அந்தச் செலவுக்கு அஞ்சி ஓர் உயிர் தவறான பெயருடன் மடிவதை எந்த அரசாங்கமும் அனுமதிக்கலாகாது.