பறவைகளை எண்ணலாம் வாங்க!

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் கிடைத்தாயிற்று. முதல் மாதம் இமெயில், யூட்யூப், ரயில் டிக்கெட் என்று ஓடிவிடும். அதன் பின்னர், "இதை வைத்து உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. உங்கள் மொட்டை மாடிக்கு வரும் பறவைகளை எண்ணி, அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்திடுங்கள்.

வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் எந்தப் பறவை பெருகுகிறது, எது குறைகிறது என்று விஞ்ஞானிகள் இன்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இப்படிப் பொதுமக்கள் பதிவு செய்த கணக்கை வைத்துத்தான்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் காஞ்சிபுரம். எங்கள் ஊர்ப் பட்டுச் சேலையின் பார்டரில் மயிலும் அன்னமும் இருதலைப்பட்சியும் வரிசை கட்டி நிற்கும். ஒரு சேலையில் எத்தனை மயில் என்று கேட்டால் நெய்தவர் உடனே சொல்லிவிடுவார். கோபுரத்தில் எத்தனை கிளி, ஏரியில் எத்தனை கொக்கு என்று கேட்டால்தான் பதில் கிடைக்காது. அந்தப் பதிலைச் சேர்க்க உதவுவதுதான் 'இபேர்ட்' என்ற இணைய தளம்.

இபேர்ட் என்றால் என்ன?

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002-ல் தொடங்கிய தளம் இது. பறவை பார்ப்பவர்கள் எங்கே, எப்போது, எந்தப் பறவையை, எத்தனை பார்த்தார்கள் என்பதை இதில் பதிவு செய்கிறார்கள். உலகம் முழுவதிலும் இருந்து 100 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்துள்ளன. கட்டணம் எதுவும் இல்லை. இந்தியாவில் 'பேர்ட் கவுன்ட் இந்தியா' என்ற கூட்டமைப்பு இதற்கு வழிகாட்டுகிறது.

யாரோ எழுதுவதை எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். அதற்கு இரண்டு சல்லடைகள் உள்ளன. ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மாதத்திற்கும், ஒவ்வொரு பறவைக்கும் ஓர் உச்ச எண்ணிக்கை தளத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதைத் தாண்டினால் கம்ப்யூட்டர் அந்தப் பதிவைத் தனியே எடுத்துக் காட்டிவிடும். பிறகு அந்தப் பகுதிப் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் அதைச் சரிபார்ப்பார். சந்தேகம் இருந்தால் உங்களுக்கே இமெயில் வரும்.

காகத்தையும் எழுத வேண்டும்!

புதியவர்கள் பலர் அபூர்வப் பறவையைக் கண்டால் மட்டும் எழுத நினைக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கு அதிகம் உதவுவது 'முழுப் பட்டியல்'தான். அதாவது, அந்த நேரத்தில் உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும், காகம், மைனா உட்பட, விடாமல் எழுதுவது.

காரணம் எளிது. காஞ்சிபுரத்தில் இருந்து 100 முழுப் பட்டியல்கள் வருகின்றன என்று வைத்துக் கொள்வோம். அவற்றில் 70 பட்டியல்களில் சிட்டுக்குருவி இருந்தால் அதன் அளவு 70 சதவிகிதம். பத்து ஆண்டுகள் கழித்து வரும் 100 பட்டியல்களில் 40-ல் மட்டும் இருந்தால், குருவி குறைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஒரு பட்டியலில் குருவி 'இல்லை' என்பதும் இங்கே ஒரு தகவல். பிடித்த பறவையை மட்டும் எழுதினால் அந்த 'இல்லை' நமக்குக் கிடைக்காது. தறிக்காரர் மொழியில் சொன்னால், ஒரு பட்டியல் என்பது ஒரு ஊடை இழை. ஓர் இழையில் மயில் தெரியாது. ஆயிரம் இழை சேர்ந்தால் தெரியும்.

அறிக்கை என்ன சொல்கிறது?

இந்த இழைகளைச் சேர்த்து நெய்ததுதான் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை. முதல் அறிக்கை 2020-ல் வந்தது. இரண்டாவது 2023 ஆகஸ்ட் மாதம் வெளியானது. 13 அமைப்புகள் சேர்ந்து தயாரித்த இரண்டாவது அறிக்கையில், 30 ஆயிரத்திற்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் 3 கோடிக்கும் அதிகமான பதிவுகளைக் கொண்டு 942 வகைப் பறவைகள் அலசப்பட்டன. 178 வகைகளுக்கு உடனடிப் பாதுகாப்பு தேவை என்று முடிவானது.

நீண்ட காலப் போக்கைக் கணக்கிட முடிந்தவை 338 வகைகள். அவற்றில் 204 வகைகள் குறைந்துள்ளன. கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்து, பறக்கும்போது நீலச் சிறகு காட்டும் பனங்காடை இப்படிக் குறைந்து வரும் பறவை. அதே சமயம் மயிலும் குயிலும் மாடப்புறாவும் பெருகியுள்ளன. நம்மைப் போலவே நெசவுக்குப் பெயர்போன தூக்கணாங்குருவி ஏறத்தாழ அதே நிலையில் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் உண்டு. அவற்றில் நீண்ட காலப் போக்கு தெரிந்தது 338-க்கு மட்டும்தான். மற்றவற்றுக்குக் கணக்குச் சொல்லப் போதுமான பட்டியல் இல்லை.

சிட்டுக்குருவியும் செல்போன் டவரும்

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஐம்பது ஆண்டுகளாகத் தறியில் உட்கார்ந்தவர். "ஓட்டு வீடா இருந்தப்போ தறிக்கு மேலயே குருவி கூடு கட்டும் தம்பி. நூல் துணுக்கைக் கூடத் தூக்கிட்டுப் போகும். டவர் வந்துச்சு, எல்லாம் போச்சு" என்றார். 2018-ல் வந்த '2.0' படம் பார்த்த பலரும் இதையேதான் சொல்வார்கள்.

2020 அறிக்கையை அவரிடம் காட்டினேன். நாடு முழுவதும் எடுத்துக் கொண்டால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை கால் நூற்றாண்டாக ஏறத்தாழ ஒரே சீராக இருக்கிறது. பெரிய நகரங்களில்தான் குறைந்துள்ளது. டவர் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு இதுவரையிலான ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. குஞ்சுகளுக்குக் கொடுக்கப் பூச்சி கிடைக்காததும், கூடு கட்ட இடம் இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் தளம் வந்தால் கூட்டுக்கு இடுக்கு ஏது?

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி தம்பி, நம்ம ஊரு கணக்கு என்ன சொல்லுது?" என்றார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. தேசிய அறிக்கையில் நம் தெருவுக்குப் பதில் இருக்காது. அவர் நினைவில் இருக்கும் ஐம்பது ஆண்டுக் கணக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. அவரைப் போன்றவர்கள் காலத்துக்குப் பிறகு, குருவி இருந்ததா என்பதற்கே சாட்சி இருக்காது. இன்று நாம் எழுதி வைத்தால், இன்றில் இருந்தாவது கணக்கு தொடங்கும்.

வேடந்தாங்கல் காட்டும் வழி

ஊர் மக்கள் பறவைகளைக் கவனிப்பது நமக்குப் புதிதல்ல. இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல், 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அந்த ஊர் விவசாயிகள் அறிந்திருந்தார்கள். ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்தில் உள்ள கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் எல்லாம் அங்கே வருவதற்கு அந்த ஊர்க்காரர்களின் பொறுமையும் ஒரு காரணம்.

வேடந்தாங்கலுக்குப் பட்டியல் எழுத ஆள் உண்டு. பெயர் தெரியாத நம் ஊர் ஏரிக்கு யார் எழுதுவது?

எப்படிப் பதிவு செய்வது?

1. பிரவுசரில் இபேர்ட் டாட் ஆர்க் ஸ்லாஷ் இந்தியா என்ற முகவரிக்குச் செல்லுங்கள். பெயர், இமெயில் கொடுத்துக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள்.

2. மேலே உள்ள 'சப்மிட்' என்பதில் கிளிக் செய்திடுங்கள். வரைபடத்தில் நீங்கள் பறவை பார்த்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

3. தேதி, தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எத்தனை பேர் என்பதை டைப் செய்திடுங்கள். ஒரே இடத்தில் நின்று பார்த்தால் 'ஸ்டேஷனரி', நடந்துகொண்டே பார்த்தால் 'டிராவலிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நடந்தால் தூரமும் தர வேண்டும்.

4. அடுத்த பக்கத்தில் உங்கள் பகுதிப் பறவைகளின் பட்டியல் வரும். பெயருக்கு எதிரே எண்ணிக்கையைக் கொடுங்கள். எண்ணவில்லை என்றால் 'எக்ஸ்' என்ற எழுத்தைக் கொடுக்கலாம்.

5. இது முழுப் பட்டியலா என்ற கேள்வி வரும். அடையாளம் கண்ட எல்லாவற்றையும் எழுதியிருந்தால் 'யெஸ்' கொடுத்து சப்மிட் செய்திடுங்கள். அவ்வளவுதான்.

தொடங்குபவர்களுக்கு 15 நிமிடம் போதும். பழைய டைரியில் தேதியோடு எழுதி வைத்த குறிப்பு இருந்தால் அதையும் ஏற்றலாம்.

பெயர் தெரியாவிட்டால்?

'மெர்லின்' என்ற இலவச அப்ளிகேஷனை மொபைல் போனில் டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். இதுவும் கார்னெல் ஆய்வகத்தின் தயாரிப்பு. போட்டோவைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும். 2021-ல் குரலைக் கேட்டு அடையாளம் சொல்லும் வசதியும் வந்தது. குரலை நேரடியாக ஒப்பிடாமல், முதலில் அதை ஒரு படமாக மாற்றி, அந்தப் படத்தின் வடிவத்தை வைத்துப் பறவையைக் கண்டுபிடிக்கிறது. ஒரு முறை தேவையான பைல்களை இறக்கிக் கொண்டால் இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும்.

ஆனால் மெர்லின் சொன்னதை அப்படியே பதிவு செய்ய வேண்டாம். பறவையை நீங்களும் கண்ணால் பார்த்தோ, குரலை உறுதி செய்தோ எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. கூடு இருக்கும் இடத்தைப் போட்டோவுடன் இணையத்தில் போடாதீர்கள். அது பறவைக்கு ஆபத்து.

எப்போது தொடங்கலாம்?

இன்றே தொடங்கலாம். நாலு பேரோடு சேர்ந்து செய்ய விரும்பினால், தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகம் முழுவதும் 'கிரேட் பேக்யார்டு பேர்ட் கவுன்ட்' நடக்கிறது. அந்த நாட்களில் நீங்கள் இபேர்டில் ஏற்றும் பட்டியல் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் எண்ணும் வேலையை அவர்களுக்கும், டைப் செய்யும் வேலையை உங்களுக்கும் வைத்துக் கொள்ளுங்கள். தாத்தா பாட்டி இருந்தால், முன்பு என்னென்ன பறவை வந்தது என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் பட்டியலில் காகமும் மைனாவும் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் தெருவின் கணக்கு அதில் இருந்துதான் ஆரம்பமாகிறது.