பழைய காரின் நாடி பார்ப்போமா?

மாணவர்களே! உங்கள் வீட்டார் சேமிப்பைக் கொண்டு பழைய கார் வாங்கப் போகிறார்களா? இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் தயாரான பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் ஸ்டியரிங்கின் கீழ்ப்புறம் 16 முனை இணைப்பு ஒன்று உண்டு. அதில் ஸ்கேனரைப் பொருத்தினால், காரின் கணினி குறித்துவைத்த கோளாறுகள் எண்களாகத் தெரியும். 'பி0300' என்றால், சிலிண்டர்களில் எரிபொருள் சரிவரப் பற்றவில்லை என்று பொருள்.

கோளாறு எண்ணே இல்லையெனில் கார் நலமா? பொறுங்கள்! ஸ்கேனராலேயே அவற்றை அழித்துவிடலாம். ஆனால் அழித்தவுடன் கணினியின் தற்சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டும். பேட்டரியைக் கழற்றினாலும் இவ்வாறு நேரலாம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே சில முறை ஓட்டியபின் மீண்டும் சோதிக்கச் சொல்லுங்கள். மறைந்த கோளாறு திரும்ப வரலாம். துருவையும் டயர் தேய்வையும் ஸ்கேனர் அறியாது. அவற்றுக்கு உங்கள் கண்களே கருவி!