பெத்தோங் மூங்கில்: எதை வெட்டுவது, எதை விடுவது?

ஆற்றோரங்களிலும் கம்பத்து எல்லைகளிலும் வானுயர நிற்கும் பெரிய மூங்கிலை நாம் பார்த்திருக்கிறோம். மலாய்க்காரர்கள் அதனை 'பூலோ பெத்தோங்' என்பார்கள். அறுபது எழுபது அடிக்கு மேலும் வளரும். அடிக்கணுக்களைச் சுற்றி வளையமாக முளைத்திருக்கும் சிறு வேர்களையும், இளந்தண்டின் மேல் வெல்வெட்டுத் துணிபோல் படர்ந்திருக்கும் பழுப்புச் சுணையையும் கொண்டு இதனை அடையாளம் கண்டுகொள்ளலாம். லெமாங் சுடுவதற்கு இது ஏற்றதன்று. அதற்கு மெல்லிய சுவருள்ள வேறு மூங்கில் இருக்கிறது.

பெத்தோங் கண்டபடி ஓடிப் பரவாது; கொத்தாகவே நிற்கும். ஆயினும் சில கொத்துகள் ஆண்டுக்காண்டு மெலிந்து போவதைக் காண்கிறோம். பெரும்பாலும் வெட்டுகின்ற முறைதான் காரணம்.

மூங்கில் புல் இனத்தைச் சேர்ந்தது. குருத்து மண்ணை விட்டு வரும்போதே தன் முழுப் பருமனோடு வருகிறது. சில மாதங்களில் முழு உயரத்தையும் அடைந்துவிடுகிறது. அதன்பின் அது பருப்பதில்லை. சுவர் மட்டும் முற்றுகிறது. அதற்கு மூன்று ஆண்டுகளாவது வேண்டும். இளந்தண்டுகள் இலைகளால் ஆக்கும் உணவு மண்ணுக்கடியிலுள்ள கிழங்கில் சேர்ந்து, அடுத்த குருத்தை வளர்க்கிறது. ஆகவே இந்த ஆண்டுத் தண்டையும் சென்ற ஆண்டுத் தண்டையும் தொடக் கூடாது. சாம்பல் திட்டுகள் படிந்து, பளபளப்பு மங்கிய முதிர்ந்த தண்டுகளையே வெட்ட வேண்டும். அவை கொத்தின் நடுவில் சிக்கியிருக்கும். ஓரத்து இளசுகளை வெட்டுவது கைக்குச் சுலபம், கெடுதலும் அதுதான்.

ரெபோங் எனப்படும் குருத்திலும் இதே கணக்குத்தான். அனைத்தையும் கறிக்கு எடுத்துவிட்டால் நாளைக்குக் கழி ஏது? கொத்துக்கு நாலைந்து நல்ல குருத்துகளை வளர விட்டு, மற்றவற்றை ஓரடி உயரம் வருவதற்குள் எடுக்கலாம். மட்டையின் சுணை கையில் ஒட்டினால் அரிக்கும். பச்சைக் குருத்தில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் உண்டு. மெல்லியதாக நறுக்கி, மூடி போடாமல் நன்றாகக் கொதிக்க வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கசப்பு இருந்தால் மறுபடியும் புதுநீரில் வேக வையுங்கள். பிறகு தேங்காய்ப்பாலும் மஞ்சளும் நெத்திலியும் சேர்த்துச் சமைத்தால் சுவைக்குக் குறைவில்லை.

நடுவதற்கு, அடி பருத்து வேர்முடிச்சு விட்ட பக்கக்கிளை ஒன்று போதும். மழை தொடங்கும்போது நட்டு, அடுத்த கொத்துக்கு இருபதடி இடம் விடுங்கள். தோட்ட நிலமானால் நிர்வாகத்தின் அனுமதியை முன்னரே கேட்பது நல்லது. பெரிய கழிகள் கிடைக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்.

வெட்டிய கழியில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைத்துப் பொடியாக்கிவிடும். சில வாரங்கள் ஓடும் நீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தினால் வண்டுத் தொல்லை குறையும். அவ்வாறு செய்த கழியானாலும் மண்ணில் நட்டால் விரைவில் மக்கிவிடும். ஏணிக்கும், காய்கறிப் பந்தலின் மேற்கட்டுக்கும், கோழிக்கூட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, நேயர்களே. கணுவுக்கு வெகு மேலே வெட்டினால், நிற்கும் கட்டை ஒரு குவளையாகிவிடுகிறது. மழைநீர் தேங்கி, டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். கணுவை ஒட்டி, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். பழைய கட்டைகள் குவளையாக நின்றால் பிள்ளைகளைக் கொண்டு மண்ணை அள்ளி நிரப்பச் சொல்லுங்கள்.