சொந்த ஊருக்கு டிரான்ஸ்பர்: உண்மையிலேயே காசு மிச்சமா?

"சென்னையை விட்டு ஊருக்குப் போனா வாடகை மிச்சம்"னு நினைப்போம். முழுக் கணக்கையும் பாருங்க.

மத்திய அரசு ஊழியர்களுக்கான வீட்டு வாடகைப்படி, 2024 ஜனவரி முதல், அடிப்படைச் சம்பளத்தில் சென்னைக்கு 30%, பனவடலிசத்திரம் மாதிரி சின்ன ஊர்களுக்கு 10%. அடிப்படைச் சம்பளம் ₹40,000 என்றால் சென்னையில் ₹12,000; பனவடலிசத்திரத்தில் ₹4,000. வாடகை ₹8,000-க்கு மேல் குறைந்தால்தான் லாபம்.

ஊர்ல வாடகை குறைவுதான். ஆனா வீடு கிடைக்கணுமே! அங்கே பெரும்பாலும் தாங்கள் குடியிருக்கத்தான் வீடு கட்டுவாங்க. கிடைக்காமல் திருநெல்வேலியில் தங்கினால் வாடகை நகரத்துக் கணக்கு. ஆனால் படி, வேலை பார்க்கும் ஊருக்கான 10% மட்டுமே. தினசரி பஸ் செலவு வேற.

அதனால முதல்ல வீட்டைப் பாருங்க, அப்புறம் டிரான்ஸ்பருக்கு எழுதிக் கொடுங்க. தனியார் வேலையா? ஊர் மாறினா சம்பளம் குறையுமான்னு ஹெச்.ஆர். கிட்ட முன்கூட்டியே கேளுங்க.