கண்மாய்க் கரைக்கு வேண்டிய ஈரம்

காரைக்குடியைச் சுற்றிய கிராமங்களில் கண்மாயை நம்பாத நஞ்சை அரிது. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஜலத்தைக் கரை தாங்கினால்தான் கதிர் முற்றும். உடைந்தால் அவ்வருஷத்துச் சாகுபடி அதனோடு போயிற்று. ஆகவே கோடையில் மண்ணிட்டுக் கரையை உயர்த்துகிறோம். அம்மண்ணின் ஈரத்தைக் கவனிப்போர் சிலரே.

சித்திரை வெயிலில் உள்வாயில் வெட்டும் களிமண் கல்லொத்த கட்டிகளாக வரும். அப்படியே கொட்டினால் கட்டிகளுக்கிடையே சந்துகள் நிற்கும்; எத்தனை பேர் திமிசு போட்டாலும் மேற்புறம் மட்டுமே தட்டையாகும். முதற் பெருமழையில் ஜலம் அச்சந்துகளுள் புகுந்து கட்டிகளைக் கரைக்க, கரை தாழும். பிறகு கசிவு, அதன்பின் உடைப்பு. மண் சேறாக இருப்பினும் தீங்கே. சந்துகளை ஜலம் நிரப்பியிருப்பதால், இடிக்கும்போது மண் இறுகாமல் பக்கங்களில் பிதுங்கும், உலர்ந்தபின் வெடிக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே, மண்துகள்கள் வழுக்கி நெருங்குவதற்குப் போதுமான ஈரநிலை ஒன்றுண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர ஜல விநியோக இலாகா எஞ்சினீயர் ரால்ஃப் பிராக்டர் 1933-இல் இதனை விளக்கி எழுதினார். அவர் பெயரால் வழங்கும் பரிசோதனையில், சிறு அச்சினுள் மண்ணை மூன்று படைகளாக இட்டு, படைக்கு 25 முறை, 5½ ராத்தல் சம்மட்டியை ஓரடி உயரத்திலிருந்து விழச்செய்வர். ஈரத்தைக் கூட்டக் கூட்ட, அச்சிலுள்ள உலர்மண்ணின் எடை ஓரளவு ஏறிப் பின்பு இறங்கும். அவ்வுச்சிக்குரியதே உகந்த ஈரம். மணற்பாங்கான மண்ணைவிடக் களிமண்ணுக்கு அது அதிகம்.

கிராமத்தில் கையே கருவி. ஒரு பிடி மண்ணை இறுகப் பிடியுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் ஜலம் போதாது. உள்ளங்கையில் ஒட்டினால் மிகுதி. உருண்டையாக நின்று, இடுப்பளவிலிருந்து விட்டால் சில துண்டுகளாக உடையுமாயின் இடிக்கலாம்.

களிமண் ஜலத்தை மெதுவாகவே உறிஞ்சும். ஆதலால் கரைமேல் குடத்தால் தெளிப்பதினும், முந்தின மாலையே வெட்டும் குழியில் ஜலம் விட்டு ஊறவைத்தல் நன்று. பழைய கரையின் புல்லையும் கருவேல வேரையும் களைந்து, சரிவைப் படிபோல் வெட்டிய பின்பே புதுமண்ணை இடவேண்டும். இன்றேல் இரண்டும் பொருந்தா. அரையடிக்கு மேற்படாத படைகளாகப் பரப்பி, கட்டிகளை உடைத்து, ஒவ்வொன்றையும் இடித்த பின்பே அடுத்தது. நம் பக்கத்துச் செஞ்சரளை ஜலத்தை விட்டுவிடும்; அதனை வெளிப்புறத்துக்கும், களிமண்ணை ஜலப்புறத்துக்கும் வைத்துக்கொள்க. இயந்திரத்தால் அள்ளிக் கொட்டினும் இம்முறையே.

குழியை அளந்து கூலி கொடுக்கும் வழக்கத்தில் ஒரு கேடு உண்டு. வெட்டிய மண்ணுக்குக் கணக்கு இருக்கிறது, இறுகிய மண்ணுக்கு இல்லை. கொட்டுவோர் விரைந்து கொட்டுவது இயல்பே. சங்கத்தார் ஜலம் விடுவதற்கும் இடிப்பதற்கும் தனிக் கூலி ஒதுக்கி, அங்கத்தினர் ஒருவர் மண்ணைப் பிடித்துப் பார்த்த பின்பே ஒவ்வொரு படையையும் இடிக்க விடலாம்.