புல்வெளிப் பிரயாணம் – 9: ஏரிக்கரையில் இடம் பிடித்தல்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், கோதுமையும் கனோலாவும் கண்ணெட்டிய மட்டும் பரந்து கிடக்கும் சமவெளியைச் சென்ற வாரம் குறுக்கே கடந்தோம். அந்த விஸ்தாரத்தின் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் இருப்பதே தெரியாமல் பள்ளத்தாக்குகளில் ஒளிந்திருக்கும் ஏரிகளுக்கு, கோடை பிறந்ததும் குழந்தைகளோடும் கூடாரங்களோடும், ஆர்.வி. என்று அங்கே எல்லோரும் அழைக்கும் சக்கர வீடுகளோடும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போய்ச் சேருகின்றன. தண்ணீர் நன்றாகத் தெரிகிற இடமே தங்குவதற்கு நல்ல இடம் என்று எண்ணுவது மனித சுபாவம். ஆனால் இந்தப் பிரதேசத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது காற்றைத்தான், தண்ணீரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மலையோ அடர்ந்த காடோ குறுக்கிடாத நிலத்தில் காற்றுக்கு ஓய்வு என்பதே அபூர்வம். பெரும்பாலும் அது மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசுகிறது. ஆகவே ஏரியின் கிழக்குக் கரையில் அலைகள் ஓயாமல் வந்து மோதிக்கொண்டிருக்கும் அதே வேளையில், மேற்குக் கரை, முதுகுப்புறத்தில் ஒரு மேடும் நாலு மரங்களும் வாய்த்துவிட்டால், அசைவின்றிக் கிடக்கும். கூடாரம் அடிப்பவர்களுக்கும், உயரமான பக்கச்சுவரைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும் ஆர்.வி.காரர்களுக்கும் அந்த மேற்குக் கரையே சௌகரியமானது. ஆயினும் பெற்றோர் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதும் அதே கரையில்தான். நிலத்திலிருந்து ஏரியை நோக்கி வீசுகிற காற்று, கரையோரத்து ஜலத்தில் ஓர் அலையையும் எழுப்பாமல், காற்றடைத்த மிதவையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை, யார் கண்ணிலும் படாத மெதுவான வேகத்தில், ஆழத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போய்விடும். அலையடிக்கும் கரையிலோ மிதவை திரும்பத் திரும்பக் கரைக்கே வந்து ஒதுங்கும். தங்குவதற்கு நல்ல கரை மிதவைக்கு நல்ல கரையாக இருப்பதில்லை; மறைவான கரையில் தங்கும் குடும்பம் மிதவைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, குழந்தைகளுக்கு உயிர்காப்புச் சட்டை மாட்டி இறக்குவதே உத்தமம்.

காற்றுக்கு அடுத்தபடி வெயில். ரெஜைனா நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால், பனியுகத்தின் இறுதியில் உருகிப் பெருகிய வெள்ளம் அறுத்துச் சென்ற கப்பெல் பள்ளத்தாக்கும், அதன் அடித்தளத்தில் பாஸ்குவா, எக்கோ, மிஷன், கடெப்வா என ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நான்கு ஏரிகளும் வருகின்றன. இங்கே பள்ளத்தாக்கின் இரண்டு சரிவுகளும் இரண்டு வேறு தேசங்களைச் சேர்ந்தவைபோல் தோன்றும். வடக்கு நோக்கிய சரிவில் ஈரம் தங்குவதால் ஆஷ் மரங்களும் மேப்பிளும் புதர்களும் செழித்திருக்கின்றன. தெற்கு நோக்கிய சரிவில் சூரியன் நேரே விழுவதால் காய்ந்த புல்லும், தரையோடு படர்ந்த சிறு கள்ளிகளுமே உண்டு. ஜூலை மாதத்து நடுப்பகலில் கைக்குழந்தையோடு தங்குபவர்கள் மரம் அடர்ந்த சரிவின் அடியையே நாட வேண்டும். மே மாதத்திலோ செப்டம்பரிலோ வருகிறவர்களுக்கு வெயில் விழும் சரிவே இதமானது. எக்கோ ஏரிக்கும் பாஸ்குவா ஏரிக்கும் நடுவே எக்கோ வேலி மாகாணப் பூங்கா அமைந்திருக்கிறது. இடத்தை முன்பதிவு செய்யும்போது காட்டப்படும் வரைபடத்தில் இட எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டாமல், வடக்கு எந்தப் பக்கம் என்று கவனித்து, மேடும் மரமும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அந்தப் பூங்காவில் ஒரு மாலை, டிரெயிலரைப் பின்னுக்குச் செலுத்தி நிறுத்திய ஒருவர், அது நேராக நிற்பதாக என் கண்ணுக்குப் பட்ட பிறகும் திருப்தியடையாமல், வாசற்படியில் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும் வரையில் ஒரு பக்கச் சக்கரங்களுக்கு அடியில் பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகி, கடைசியில் முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தியதை நெடுநேரம் கவனித்துக்கொண்டிருந்தேன். இது வெறும் ஒழுங்கு மோகமன்று. இவ்வண்டிகள் பலவற்றில் உள்ள, புரொப்பேன் வாயுவாலும் இயங்கக்கூடிய குளிர்பெட்டி, மட்டமாக நின்றால்தான் அதற்குள் இருக்கும் அம்மோனியாக் கரைசல் சரியாக ஓடும். சாய்ந்து நின்றால் பாலும் இறைச்சியும் கெட்டுப்போகும். மின்சாரமும் அப்படியே கணக்குப் பார்க்க வேண்டிய சமாச்சாரம். 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் மட்டுமே தரும். குளிர்சாதனம், மைக்ரோவேவ், கெட்டில் மூன்றையும் ஒரே சமயத்தில் போட்டால் டிரிப் ஆகிவிடும். பெரிய வண்டிக்காரர்கள் 50 ஆம்பியர் இடத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஏரிகளிலும் இரண்டு ஜாதி உண்டு. இயற்கையாக அமைந்தவை பெரும்பாலும் ஆழம் குறைந்தவை, சீக்கிரம் வெதுவெதுப்பாகிறவை. கனோரா ஊருக்கு அருகிலுள்ள குட் ஸ்பிரிட் ஏரியில், சிறு பிள்ளைகள் மணலில் கால் பதித்தபடியே வெகுதூரம் நடந்து போகலாம். மற்றொரு ஜாதி, மனிதன் நதியை மறித்து உண்டாக்கியது. அவற்றில் தலைமையானது டீஃபன்பேக்கர் ஏரி. தெற்கு சஸ்காச்சுவான் நதியின் குறுக்கே 64 மீட்டர் உயரமும் ஐந்து கிலோமீட்டர் நீளமுமாக எழுப்பப்பட்ட கார்டினர் மண் அணை 1967-ல் பூர்த்தியானபோது, பள்ளத்தாக்கில் சுமார் 225 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் ஏறி நின்றது. ஏரிக்குக் கன்சர்வேட்டிவ் பிரதமரின் பெயர், அணைக்கு லிபரல் கட்சித் தலைவர் ஒருவரின் பெயர், கரையிலுள்ள ஒரு பூங்காவுக்குச் சோஷலிஸ்டான டாமி டக்ளஸின் பெயர். வாழ்நாளெல்லாம் எதிரெதிரே நின்று வாதாடியவர்கள் இங்கே ஒரே தண்ணீரைச் சுற்றி நிலைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீருக்கடியில் அழிந்துபோன ஒன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. படுத்திருக்கும் காட்டெருமையின் உருவத்தில், சுமார் 400 டன் எடையோடு, கிரீ ஜனங்களுக்குப் புனிதமாக விளங்கிய மிஸ்டசேனி என்ற பாறை, ஏரி நிரம்புவதற்கு முன் 1966-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தக் கரையில் விடுமுறையைக் கழிக்கப் போகிற ஒவ்வொரு குடும்பமும் இதைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த ஏரி ஆழமானது, குளிர்ந்தது; படகுக்கும் மீனுக்கும் சிறந்தது. மலைப்பனி உருகி வரும் தண்ணீரையும் அணையின் மதகுகளையும் பொறுத்து, ஒரே வருஷத்துக்குள் நீர்மட்டம் சில மீட்டர்கள் ஏறி இறங்குவதால், கரைமேடுகள் அரித்துச் சரிவதுண்டு; விளிம்பை ஒட்டிக் கூடாரம் அடிப்பதும் அதன்மேல் பிள்ளைகளை விளையாட விடுவதும் தகாது.

ஆழமில்லாத ஏரிகளுக்கு வேறொரு தோஷம் இருக்கிறது. ஆகஸ்டு வெயிலில் நீலப்பச்சைப் பாசி பெருகி, பச்சைச் சாயம் கொட்டியதுபோல் தண்ணீரின்மேல் படர்ந்து, காற்று ஒதுக்கும் கரையில் திரளாகச் சேர்ந்துவிடும். அதன் விஷம் காய்ச்சினாலும் போகாது; நக்கிக் குடித்த நாய்கள் செத்திருக்கின்றன. அந்தக் காட்சியைக் கண்டால் அன்று குளியல் கிடையாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

கோடைப் புயல்கள் மேற்கு ஆகாயத்தில் கருத்துத் திரண்டு வெகு விரைவில் வந்துவிடுகின்றன. இரவு படுக்கப் போகுமுன் வண்டியின் பக்கத்துத் துணிப்பந்தலைச் சுருட்டிவிடுவதும், பட்ட கிளைகள் தொங்கும் கிழப் பாப்ளர் மரத்தடியைத் தவிர்ப்பதும் அவசியம். சுழல்காற்று எச்சரிக்கை வந்தால் ஆர்.வி.க்குள் பதுங்குவது ஆபத்து. கெட்டியாகக் கட்டிய குளியலறைக் கட்டடம் எங்கே இருக்கிறதென்று வந்து இறங்கிய அன்றே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டார் என்னைக் கேட்டால், ஜூலை முற்பகுதியில் குட் ஸ்பிரிட் ஏரிக்குப் போகச் சொல்வேன். படகும் தூண்டிலும் கொண்டு வருகிறவர்களுக்கு அணையருகிலுள்ள டேனியல்சன் பூங்கா. செப்டம்பரில் ஓய்வாக வரும் முதியவர்களுக்குக் கப்பெல் பள்ளத்தாக்கு. டக்ளஸ் பூங்காவின் மணற்குன்றுகளைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.